குளிராயியோட சிவப்புப் புடவை

வடக்குக் கோடியில, பனி உருகவே உருகாத ஒரு ஊர்ல, குளிராயின்னு ஒருத்தி இருந்தா. "ம்" சொல்லு கண்ணு. வானத்துல புடவை காயப்போடுறதுதான் அவ வேலை. கீழ்க்கொடியில பச்சை, மேல்கொடியில சிவப்பு. போட்டுப் போட்டுத் தோளே விட்டுப்போச்சு அவளுக்கு.

சூரியன்லேர்ந்து வர்ற காத்து பட்டாத்தான் அந்தப் புடவைங்க மினுக் மினுக்குன்னு மின்னும். அந்தக் காத்தைத் தடுக்க வானத்துக்கு ஒரு கதவு இருந்துச்சு. அந்தக் கதவிடுக்குல கொஞ்சம் காத்து கசியும். அதுக்குப் பச்சை மட்டும் லேசா மின்னும்.

அவளுக்கு ஒரே மக, மினுக்கி. தெக்கே தூரத்துல கட்டிக் கொடுத்துட்டா. போறப்போ மக ஒரே அழுகை. "அழாதடி. சிவப்புப் புடவை தெரிஞ்சா அம்மா உசுரோட இருக்கேன்னு வெச்சுக்கோ"ன்னு அனுப்பி வெச்சா.

அப்புறம் ஒருநாள் சூரியன் கோவமா மூச்சு விட்டுது. ஹோ...ன்னு காத்து கெளம்பி, ரெண்டு மூணு நாள் ஓடிவந்து, படார்னு கதவை இடிச்சுது.

"திற ஆயி!"

"போடா! புடவை கிழிஞ்சா உங்கப்பனா தச்சுத் தருவான்?"

தாழ்ப்பாளைப் போட்டுட்டா. காத்து சுத்திக்கிட்டுப் போயிடுச்சு.

அப்புறம் இன்னொரு காத்து. படார்! படார்! கதவிடுக்கு விரிஞ்சு, பச்சைப் புடவை சடசடன்னு ஆடுச்சு. குளிராயி கதவுக்கு முதுகை முட்டுக்கொடுத்து, மூச்சு வாங்க நின்னா. அந்தக் காத்தும் சுத்திக்கிட்டுப் போயிடுச்சு. தூங்கிட்டியா? ம்...

மூணாவது காத்து வந்துச்சு. அது இடிக்கலை.

"ஆயி, வர்ற வழியில உன் மகளைப் பாத்தேன். வடக்கயே பாத்து நிக்கிறா. சிவப்பே தெரியலையே, எங்கம்மா போயிட்டாளோன்னு அழுவுறா."

"பொய்யி! தெனமுந்தான் போடுறேன்."

"போடுற. நான் உள்ள வந்து உதறாம, அது தெக்க வரைக்கும் எப்படித் தெரியும்?"

குளிராயி மேல்கொடியை அண்ணாந்து பாத்தா. இருந்ததே ஒரு சிவப்புப் புடவை. "கிழிஞ்சா கிழியட்டும் போ"ன்னு தாழ்ப்பாளை எடுத்தா.

விசுக்...! பச்சை பறந்துச்சு. அதுக்கும் மேல சிவப்பு விரிஞ்சுது, விரிஞ்சுது, தெக்கத்திப் பக்கம் வரைக்கும் விரிஞ்சுது.

அப்போ மினுக்கி, "ஏங்க, இங்க வாங்க! அடிவானம் செவக்குது! எங்கம்மா இருக்காங்க"ன்னு அழுதுகிட்டே சிரிச்சா.

காத்து போனப்புறம் குளிராயி கிழிசலைத் தடவிப் பாத்தா. நாளைக்குத் தச்சுக்கலாம்னு மடிச்சு வெச்சா. கதவைத் தாழ் போடாமலே படுத்துட்டா.

கதையும் அவ பக்கத்துலயே படுத்துடுச்சு. நீயும் கண்ணை மூடு, தங்கம். உன்னைத் தட்டித் தட்டி எனக்கும் தோள் விட்டுப்போவுது.