வளைவின் அடியில் எட்டு இலை

அன்று பாலத்து வளைவின் அடியில் இருந்தவர்கள்: குரு வெண்காடர். அவருடைய சீடன், கொத்தன் சாத்தையா. கல் வெட்டித் தந்த கூத்தன். சுண்ணாம்பு சுட்ட வீராயி. சாரம் கட்டிய தச்சன் இடும்பன். பாலம் கட்டச் சொன்ன ஊரின் மணியக்காரர் திருமேனி. மொத்தம் ஆறு பேர்.

குரு சாத்தையாவை எட்டு இலை போடச் சொன்னார்.

அந்த ஆற்றில் அதற்கு முன் இரண்டு வளைவுகள் விழுந்திருந்தன. சாரத்தைத் தாங்கும் கால்களுக்கு அடியில் ஆப்புகள் இருக்கும். அவற்றைத் தட்டி எடுத்தால் சாரம் இறங்கும். வளைவு தன் பலத்தில் நிற்கும், அல்லது விழும். கடைசிக் கல்லை வைத்த கொத்தன் தனியாக அடியில் நின்று தட்ட வேண்டும், மற்றவர்கள் கரையில் நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அப்படித் தட்டிய இரண்டு கொத்தர்களும் கல்லோடு ஆற்றின் ஆழமான மடுவுக்குள் போனார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. மூன்றாவது வளைவு சாத்தையாவுடையது.

காலையில் அவன் குருவிடம் கேட்டிருந்தான்: "ஐயா, இது நிற்குமா?"

குரு எல்லோரையும் அழைத்துவரச் சொன்னார்.

கூத்தன் வரும்போதே முணுமுணுத்தான். கல் என்னுடையது, தலை உன்னுடையது என்று சாத்தையாவைப் பார்த்துச் சிரித்தான். மணியக்காரர் தனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொன்னார். குரு அவருக்கும் மணலில் இடம் காட்டினார்.

எட்டு இலையிலும் சோறு வைத்தார்கள். ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் ஆப்பு தட்டும் மரச் சுத்தியல், ஒரு கொட்டாப்புளி.

"நாம் ஆறு பேர்தானே, ஐயா?" என்றான் சாத்தையா.

"மடுவுக்குள் போன இரண்டு பேரும் இந்த வேலையில் இருந்தவர்கள்தான்," என்றார் குரு. "சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் எல்லோரும் சேர்ந்து தட்டலாம்."

யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. உச்சிவெயில். ஆற்று நீரின் சத்தம் வளைவுக்குள் வந்ததும் யாரோ மெல்ல எண்ணுவதுபோலக் கேட்டது. மேலிருந்து பொடி உதிர்ந்தது. ஆளில்லாத இரண்டு இலைகளில் மட்டும் உதிர்ந்தது.

வீராயிதான் முதலில் பேசினாள். கடைசிக் காளவாய் மழையில் நனைந்தது, அந்தச் சுண்ணாம்பு கல்லைப் பிடிக்காது என்றாள். கிழக்கிலிருந்து ஏழாவது கல்லில் விரிசல் ஓடுகிறது, அது தெரியாதபடி கல்லைப் புரட்டி வைத்து அனுப்பினேன் என்றான் கூத்தன். அவன் இப்போது சிரிக்கவில்லை. சாரம் நடுவில் இரண்டு விரல் தாழ்ந்தது தனக்குத் தெரியும் என்றான் இடும்பன். மணியக்காரர், திருவிழாவுக்குள் முடிய வேண்டும் என்று அடித்தளத்தைப் பாறைவரை தோண்டவிடாமல் நிறுத்தியது தான்தான் என்றார்.

சாத்தையாவிடமும் சொல்ல ஒன்று இருந்தது. அந்த ஏழாவது கல்லைத் தட்டியபோது அது நல்ல கல்லைப்போல ஒலிக்கவில்லை. கல் பார்ப்பது தன் வேலை இல்லை என்று எடுத்து வளைவில் வைத்துவிட்டான். அதைச் சொல்லிவிட்டுக் கேட்டான்:

"இத்தனை நாள் ஏன் ஒருவரும் சொல்லவில்லை, ஐயா?"

"கரையில் நின்றோம்," என்றார் குரு. "முதல் இரண்டு முறை நானும்."

வளைவைப் பிரித்தார்கள். பாறைவரை தோண்டினார்கள். அடுத்த ஒன்பது மாதமும் ஆறு பேரும் காலையில் அதே மணலில் உட்கார்ந்து, அன்றைய வேலையைப் பேசி முடித்த பிறகுதான் எழுந்தார்கள். கூத்தன் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தான். வீராயி கல்லைத் தட்டிப் பார்த்தாள். நாற்பத்தொரு கல்லையும் தட்டினாள்.

சாரம் இறக்கும் நாளில் ஆறு பேரும் அடியில் நின்றார்கள். எட்டுக் கால், எட்டு ஆப்பு. ஆளுக்கு ஒன்றாக, ஒரே நேரத்தில் தட்டினார்கள். மீதி இருந்த, மடுவை ஒட்டிய இரண்டு ஆப்புகளையும் தட்டுவதற்காகச் சாத்தையா அந்தப் பக்கம் போனான்.

அங்கே சாரம் ஏற்கெனவே இறங்கியிருந்தது. வளைவு நின்றது.

"ஐயா, இந்தப் பக்கம் தட்டியது யார்?"

குரு வளைவைப் பார்க்கவில்லை. மடுவைப் பார்த்தார்.

"இலை போட்டது நீதானே," என்றார்.

சாத்தையா மணலில் கிடந்த ஆப்புகளை மூன்று முறை எண்ணினான். எட்டு. கால்களுக்கு அடியில் மீதி, ஒன்றுமில்லை.