ஒரு கதவு, இரண்டு பூட்டு

மலாவி நாட்டு ஏரிக்கரையில் ஒரு பள்ளிக்கூடம். சுவரும் கூரையும் எழுப்பியது திருச்சபை. சம்பளம், புத்தகம், பரீட்சையெல்லாம் அரசாங்கம். பிள்ளைகள் மட்டும் ஊர்க்காரர்கள் பெற்றது.

தலைமை ஆசிரியை சிஸ்டர் பெலிசிட்டா. மீன்பிடிக்கிறவர் மகள், நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ள வந்தவர் கொண்ட்வானி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, ஐம்பத்திரண்டு வயதில் சாக்பீஸ் பிடித்தவர். குருவைவிடச் சீடருக்குத்தான் நரை அதிகம்.

அங்கே பரீட்சை எழுதத் தோதான அறை ஒன்றே ஒன்று. அதன் கொண்டியில் பங்குச் சாமியார் ஒரு பூட்டுப் போட்டார். அதைப் பார்த்துவிட்டுக் கல்வி அதிகாரி பக்கத்திலேயே இன்னொன்று போட்டார். இரண்டும் திறந்தால்தான் கதவு திறக்கும். சிஸ்டரிடம் சாவியைக் கொடுத்தால் பள்ளிக்கூடத்தையே கொடுத்த மாதிரி என்று இருவருக்கும் நினைப்பு.

"அவர் வரட்டும், நானும் வர்றேன்" என்பார் சாமியார். அதிகாரியும் எழுத்து மாறாமல் அதையே சொல்வார். மழைக்காலம் பூராவும் பிள்ளைகள் மாமரத்தடியில் நனைந்துகொண்டு படித்தார்கள்.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்புப் பரீட்சை. எட்டு மணிக்குள் அறை திறக்காவிட்டால், முந்தின நாளே வந்து காத்திருக்கும் வினாத்தாள் பெட்டி வந்த வழியே போய்விடும். எழுதுகிறவர்களில் தியமிகேவும் ஒருத்தி. பதினாறு வயது. வயிற்றுப் பிள்ளையோடு பள்ளியை விட்டுப் போனவள், இரண்டு மாதக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தாள். இந்தத் தடவை தவறினால் வீட்டில் இனி அனுப்ப மாட்டார்கள்.

வியாழக்கிழமை கொண்ட்வானி கடப்பாரையோடு வந்து நின்றார்.

"சிஸ்டர், எந்தப் பூட்டை உடைக்கட்டும்?"

"எதை உடைச்சா உங்க மனசு ஆறும்?"

"ரெண்டையும். இது யார் பள்ளிக்கூடம்னு சொல்லுங்க, அவங்க பூட்டை மட்டும் விட்டுடறேன்."

"கடப்பாரையைக் கீழே வைங்க அண்ணே. சனிக்கிழமை நம்ம வீட்ல மீன் குழம்புன்னு ரெண்டு பேருக்கும் சொல்லி அனுப்புங்க. சாவியோட வந்தா தலைத்துண்டுன்னு சேர்த்துச் சொல்லுங்க."

தலைத்துண்டை யார் விடுவார்? இருவரும் வந்தார்கள்.

குழம்பு கொதிக்கும் நேரத்தில் சிஸ்டர் இருவரையும் பக்கத்திலிருந்த பள்ளிக்கு அழைத்துப்போய் இரண்டு பூட்டையும் திறக்க வைத்தார். அப்பாவின் படகுச் சங்கிலியைக் கொண்டுவந்து கதவின் வளையத்திலும் நிலையின் வளையத்திலும் நுழைத்தார். சங்கிலியின் ஒரு முனையில் சாமியாரின் பூட்டு, மறு முனையில் அதிகாரியின் பூட்டு. இரண்டு பூட்டையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து அழுத்தினார்.

"எங்கப்பாவும் சித்தப்பாவும் பங்குப் படகை இப்படித்தான் பூட்டுவாங்க. இப்போ திறங்க சாமி."

சாமியார் தன் பூட்டைத் திறந்தார். சங்கிலி கழன்று விழுந்தது. மறுபடி கோத்தார்கள். அதிகாரி தன்னுடையதைத் திறந்தார். அப்போதும் விழுந்தது.

"அவர் இல்லாம நான் திறக்கலாமா?" என்றார் அதிகாரி.

"திறக்கலாம்."

"நான் இல்லாம அவரும்?"

"அவரும்."

அதிகாரியின் முகம் சுருங்கிப்போனது. "அப்புறம் நான் எதுக்கு?"

"குழம்பு ஆறுது சார்."

ஞாயிற்றுக்கிழமை வானமே பிய்த்துக்கொண்டு கொட்டியது. திங்கள் விடியும்போது ஆறு கரை மீறி ஓடியது. ஒருத்தரும் வரப்போவதில்லை என்று கொண்ட்வானி முடிவு கட்டிவிட்டார். கடப்பாரையைப் புல்லுக்குள் மறைத்து வைத்துவிட்டுக் கதவருகே நின்றார். மரத்தடியில் தியமிகே பென்சிலைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றாள். முதுகில் குழந்தை தூங்கியது.

ஏழு மணிக்கு மலைப்பாதையில் சாமியார் தெரிந்தார். முழங்கால்வரை சேறு. சைக்கிள் அவரைச் சுமக்கவில்லை, அவர்தான் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"அந்த மனுஷன் இந்த வெள்ளத்துல எங்கே வரப்போறார்? நானும் வராட்டி யார் திறப்பா?" என்று மூச்சு வாங்கியபடி சாவியை எடுத்தார்.

அதற்குள் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு சத்தம். "இருங்க, இருங்க, வந்துட்டேன்!"

அதிகாரி. தொப்பலாக நனைந்திருந்தார். ஒரு கையில் செருப்பு, மறு கையில் சாவி. "சாமி மலையில மாட்டிக்கிட்டிருப்பார், நான்தான் திறக்கணும்னு தோணியில ஏறிட்டேன். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் சாவி முதலில் திரும்பியதோ, கொண்ட்வானி கவனிக்கவில்லை. சங்கிலி விழுந்தது. கதவு திறந்தது. பிள்ளைகள் ஈரக்காலோடு உள்ளே ஓடினார்கள்.

கொண்ட்வானி சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், ரெண்டு பேரும் வேணும்னு இருந்தப்போ ஒருத்தரும் வரலை. ஒருத்தர் போதும்னதும் ரெண்டு பேரும்..." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பவாவது சொல்லுங்க. இது யார் பள்ளிக்கூடம்?"

சிஸ்டர் தியமிகேவின் முதுகிலிருந்து துணியை அவிழ்த்தார். அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே ஓடினாள். குழந்தையைக் கொண்ட்வானியின் கையில் வைத்தார். அவர் துப்பாக்கியை வாங்குவதுபோல விறைத்து நின்றார்.

"முதல்ல தலையைத் தாங்கிப் பிடிங்க அண்ணே" என்றார் சிஸ்டர். "யாரோடதுன்னு அப்புறம் பேசிக்கலாம்."