பாட்டனாரைத் தின்ற ஆடு

முன்னொரு காலத்தில், பேர் சொல்லும்படி எதுவும் செய்யாததால் பேரே நிலைக்காமல் போன ஒரு நாட்டில், மணிமகுடபூபதி என்று ஒரு ராஜா இருந்தான். அவனுக்குப் போர் என்றால் பயம், கணக்கு என்றால் சோம்பல், பாட்டுக் கேட்டால் தூக்கம். ஆகையால் ரோஜாத் தோட்டம் போட்டான்.

தோட்டத்தைக் குறை சொல்ல முடியாது. பன்னீர் இறக்கவும் குல்கந்து போடவும் வாசமுள்ள பன்னீர் ரோஜா, மாலைக்கு அடுக்கிதழ்ச் சிவப்பு ரோஜா, பந்தலில் ஏற்றக் கொடி ரோஜா, வரப்போரம் பட்டன் ரோஜா என்று வகை வகையாக இருந்தன. காத்தாயி என்ற தோட்டக்காரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். மழை ஓய்ந்ததும் செடிகளைக் கவாத்துச் செய்வாள். அதாவது முற்றிய கிளைகளை அரிவாளால் பாதிக்கு வெட்டித் தள்ளுவாள். வேரைச் சுற்றிக் கொத்தி மக்கிய எரு வைப்பாள். தை பிறந்தால் தோட்டம் முழுக்கப் பூவாக நிற்கும்.

ஒழுங்காக நடந்துகொண்டிருந்த அந்த இடத்துக்கு ஒரு நாள் புலவர் வந்தார்.

ஆஸ்தானப் புலவர் குவளைமாலையார் ராஜாவோடு உலாவிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் புகழ ஒன்றும் அகப்படவில்லை. ராஜாவின் மீசை, நடை, குதிரை எல்லாம் ஏற்கெனவே பாடித் தீர்ந்துவிட்டன. கண்ணில் பட்டது உயரமான ஒரு பன்னீர் ரோஜாச் செடி.

"மகாராஜா, இந்தச் செடியின் கம்பீரத்தைப் பார்த்தால் தங்கள் பாட்டனார் கொலுவிருப்பது போலவே இருக்கிறது," என்றார்.

பாட்டனார் குள்ளம். ராஜா அதை மறந்துவிட்டான். "ஆமாம், அப்படியேதான் இருக்கிறது," என்று விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான்.

பின்னால் வந்துகொண்டிருந்த பிரதானி சங்கரலிங்கருக்கு வயிறு எரிந்தது. "பக்கத்தில் நிற்பது தங்கள் தந்தையார் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது," என்றார்.

அன்று மாலைக்குள் தோட்டத்தில் இருந்த செடிக்கெல்லாம் ராஜவம்சத்துப் பேர் வைத்தாகிவிட்டது. செப்புத் தகட்டில் பேரை வெட்டிச் செடியின் அடியில் நட்டார்கள். வரப்போரப் பட்டன் ரோஜாக்கள் இளவரசர்கள். கொடி ரோஜாவுக்கு ராஜாவின் மாமனார் பேர். கிடைத்த இடத்தையெல்லாம் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிற குணம் இருவருக்கும் உண்டு என்பதால் அந்த ஒரு பேர் மட்டும் பொருந்திவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பேர் வந்ததும் பின்னாலேயே விதியும் வந்தது. பாட்டனார் மேல் இரும்பு படக்கூடாது. தந்தையார் காலடியில் சாணம் கொட்டக்கூடாது. ராஜமாதாவின் பழுத்த இலையைக்கூட மனிதக் கை தொடக்கூடாது. மீறினால் ராஜத்துரோகம், வலது கை போகும். மலர்ந்த பூவை மட்டும் பறிக்கலாம், அது முன்னோர் தரும் ஆசி என்று புலவர் விளக்கம் சொன்னார். அவர் வீட்டுக்குத் தினமும் ஒரு கூடைப் பூ போய்க்கொண்டிருந்தது.

ரோஜாச் செடிக்கு ராஜவிசுவாசம் கிடையாது. வெட்டாத செடிகள் குச்சி குச்சியாக உயர்ந்து, அடியில் மொட்டையாகி, நுனியில் கொஞ்சம் இலையும் ஒரு நோஞ்சான் பூவுமாக நின்றன. இலையில் கரும்புள்ளி விழுந்தது. மறு வருஷம் பாட்டனார் பூக்கவே இல்லை.

காத்தாயியால் பொறுக்க முடியவில்லை. கார்த்திகையில் மழை விட்ட ஒரு மத்தியானம், காவல்காரன் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து, பாட்டனாரின் ஒரு கிளையில் அரிவாளைப் போட்டாள். பிரதானியின் ஆள் பார்த்துவிட்டான். கையும் அரிவாளுமாகச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"ஏன் வெட்டினாய்?" என்று ராஜா கேட்டான்.

"வெட்டாம விட்டா செத்துப்போகும், மகாராசா."

"என் பாட்டனார் ஏற்கெனவே இறந்துவிட்டார்," என்றான் ராஜா. அதில் ஏதோ ஆழமான கருத்து இருப்பதாக நினைத்துச் சபையில் சிலர் தலையாட்டினார்கள்.

கையை வெட்டத் தீர்ப்பாயிற்று. அப்போது தூணில் சாய்ந்து நின்ற வேம்பன் தொண்டையைக் கனைத்தான். வேம்பன் அரண்மனை விகடன். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். மற்றவர்களை எரிய வைப்பதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. அதை இலவசமாகச் செய்துவந்தான்.

"மகாராஜா, அந்தக் கையை வெட்டுவதற்கு முன்னால் ஒரு சந்தேகம். தை மாதம் இளவரசிக்குக் கல்யாணம். மாலைக்குப் பூவும் தெளிக்கப் பன்னீரும் யார் தருவார்கள்? பாட்டனார் இந்த வருஷமும் பூக்கிற உத்தேசத்தில் இல்லை."

ராஜாவின் முகம் மாறியது. "நம் தோட்டத்துப் பன்னீரால் கால் கழுவுவோம் என்று சம்பந்திக்குச் சொல்லி அனுப்பிவிட்டேனே."

பிரதானிக்கு இது நல்ல சமயமாகப் பட்டது. வேம்பன் வாயை அடைக்க அவர் வெகுநாளாகக் காத்திருந்தார். "இவ்வளவு அறிந்த வேம்பனாரே தோட்டத்தை ஏற்கட்டும், மகாராஜா. விதி விதியாகவே இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பூத்தால் காத்தாயியின் கை அவளுக்கே. பூக்காவிட்டால் அவள் கையோடு வேம்பனார் கையும் போகட்டும்."

"மிகப் பொருத்தம்," என்றார் புலவர்.

"ஆகட்டும்," என்றான் ராஜா. யோசிக்க வேண்டிய வேலையை வேறு யாராவது செய்துவிட்டால் அவனுக்குச் சந்தோஷம்.

வேம்பன் கும்பிட்டான். "பிரதானியார் விதியைச் சபை கேட்க ஒரு தரம் சொல்லிவிட்டால் நல்லது. எனக்கு ஞாபக மறதி."

"செடியில் இரும்பு படக்கூடாது. மனிதக் கை படக்கூடாது. எந்த மனிதனும் எரு வைக்கக்கூடாது."

"அவ்வளவுதானா?"

"இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று பிரதானி சிரித்தார்.

வேம்பன் நேரே சிறைக் கொட்டடிக்குப் போனான். காத்தாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னய்யா, சிரிக்க வைக்க வந்தியா?"

"இல்லக்கா. ரோஜாச் செடியில ஆடு வாய் வைக்குமான்னு கேக்க வந்தேன்."

"வைக்குமாவா? முள்ளோட சேத்துத் தின்னும். இத்தனை வருசமா வெள்ளாட்டை விரட்டுறதுதானே என் பாதி வேலை."

"தின்ன செடி பிழைக்குமா?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "பட்டையைக் கடிக்கிறதுக்கு முன்னாடி ஓட்டிட்டா பிழைக்கும். ஆடு கிடை படுத்து எரு விழுந்த கொல்லையில மறு வெள்ளாமை எப்படி வருதுன்னு நீ பாத்ததில்லையா?"

"பாத்திருக்கேன். அதான் வந்தேன்."

"பைத்தியக்காரா. உன் கையும் சேந்து போகும்."

"போனாப் போகுது. நான் வாயை வச்சுப் பிழைக்கிறவன்."

"நான் அப்படி இல்லய்யா," என்றாள் காத்தாயி. மடியில் கிடந்த வலது கையை இடது கையால் மூடிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேம்பன் அந்தக் கையைப் பார்த்தான். எழுந்து போய்விட்டான்.

ஊருக்கு வெளியே ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவர் கிடை போட்டிருந்தார். வேம்பன் அவரை வெள்ளாடுகளோடு தோட்டத்துக்கு அழைத்து வந்தான். "நீங்க செடியைத் தொடாதீங்க. ஆடு பட்டைக்குப் போனா அடுத்த செடிக்கு ஓட்டிடுங்க. அது போதும்," என்றான். காவல்காரர்கள் தங்களுக்குச் சொல்லியிருந்த விதியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். அதில் ஆடு இல்லை. வழிவிட்டார்கள்.

ஆடுகளுக்கு வம்சம் தெரியவில்லை. தந்தையாரைத் தின்றன, ராஜமாதாவைத் தின்றன, இளவரசர்களை ஒரே வாயில் முடித்தன. ஒரு பெரிய கடா முன்னங்கால்களைத் தூக்கிப் பாட்டனார் மேல் வைத்து, காய்ந்த குச்சிகளைத் தன் கனத்தாலேயே முறித்துப் போட்டுவிட்டுத் தளிரைத் தின்றது. தின்ற ஆடுகள் அங்கேயே படுத்தன. படுத்த இடமெல்லாம் புழுக்கை. மாமனார் ஒருவர் மட்டும் பந்தல் மேலே இருந்ததால் தப்பித்தார்.

பொழுது விடிந்ததும் பிரதானி ஓடிப்போய் ராஜாவை அழைத்து வந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்ததை யாரும் பார்த்ததில்லை. தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டைகள் நின்றன.

"வேம்பா, என் பாட்டனார் எங்கே?"

"பாதி ஆட்டின் வயிற்றில் இருக்கிறார், மகாராஜா. மீதி இதோ தரையில், எருவாக."

"ராஜத்துரோகம்," என்றார் பிரதானி.

"இரும்பு பட்டதா?" என்று வேம்பன் காவல்காரர்களைக் கேட்டான். இல்லை என்றார்கள். "மனிதக் கை பட்டதா? மனிதன் எவனாவது எரு வைத்தானா?" அதுவும் இல்லை.

"ஆடு செய்தாலும் துரோகம் துரோகமே," என்றார் புலவர். "முன்னோரைக் கடித்த ஆடு தண்டனைக்குரியது."

"ரொம்பச் சரி. கடாவைப் பிடித்துச் சங்கிலி போடுங்கள். அப்படியே பாட்டனாரின் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும் அசுவினிப் பூச்சியையும் பிடியுங்கள். ராஜமாதாவைத் துளைத்த புழுவையும் விடக்கூடாது. தினமும் பாட்டனார் தலையில் இருப்பதைக் கூடையில் அள்ளிப் போனவர் வீடு எனக்குத் தெரியும், காட்டுகிறேன். அப்புறம்," என்று வேம்பன் ராஜா பக்கம் திரும்பினான், "தாங்கள் உடம்புச் சூட்டுக்கு இன்று காலையில் ஒரு கரண்டி குல்கந்து சாப்பிட்டீர்கள். அதில் இருந்தது தந்தையாரா, தாயாரா?"

ராஜா வயிற்றில் கை வைத்தான். எல்லோரும் வெகுநேரம் காத்து நின்றார்கள். அந்த ராஜாவின் மண்டைக்குள் ஒரு விஷயம் போய்ச் சேர அவ்வளவு நேரம் வேண்டும்.

"தை வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருங்கள்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கடாவை மட்டும் சிறையில் வைத்தே தீர வேண்டும் என்று பிரதானி பிடிவாதம் பிடித்தார். காத்தாயியின் கொட்டடியிலேயே கட்டினார்கள். அது அவள் படுக்கிற வைக்கோலைத் தின்றது, கொட்டடிக்காரனின் தலைப்பாகையைத் தின்றது. "குற்றவாளியாம். என்னைவிட இது சொகமா இருக்கு," என்று காத்தாயி திட்டிக்கொண்டே அதன் கழுத்தைச் சொறிந்துவிட்டாள்.

பிரதானி தினமும் காலையில் தோட்டத்துக்கு வந்து கட்டைகளைப் பார்த்துவிட்டு உற்சாகமாகப் போனார். மார்கழியில் கட்டைகளில் சிவப்பாகத் துளிர் கிளம்பியது. அவர் வரவு குறைந்தது. துளிர் பச்சையாகி நுனியில் மொக்கு வைத்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. புலவரை அனுப்பினார். புலவர் மொக்கைக் கிள்ளக் கை நீட்டினார். காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

"மலர்ந்த பூவுக்குத்தான் அனுமதி, ஐயா. மொக்கில் மனிதக் கை படக்கூடாது. வலது கை போய்விடும்."

"நான் ஆஸ்தானப் புலவன்."

"இருக்கலாம். ஆனால் ஆடு இல்லையே."

தையில் தோட்டம் வெடித்துப் பூத்தது. பாட்டனார் உடம்பில் இலையைவிடப் பூ அதிகம். மாலை கட்டினார்கள், பன்னீர் இறக்கினார்கள், மிஞ்சிய இதழைச் சர்க்கரையில் போட்டு வெயிலில் வைத்தார்கள். சம்பந்தி ராஜா காலில் பன்னீரை ஊற்றியதும் அவன் குனிந்து தன் காலையே மோந்து பார்த்தான் என்று சொல்வார்கள். அவனும் ராஜாதானே.

கொட்டடியைத் திறந்துவிட்டார்கள். காத்தாயி வெளியே வந்து இரண்டு கையையும் வெயிலில் நீட்டி விரல்களை மடக்கிப் பார்த்தாள். பிறகு தோட்டத்துக்குப் போனாள். காம்பு இல்லாமல் பூ கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ராஜா வேம்பனைச் சபைக்கு அழைத்தான். "என்ன வேண்டும், கேள். ஒரு செடிக்கு உன் பேர் வைக்கட்டுமா?"

"வேண்டாம், மகாராஜா. பழைய தகடுகளைப் பிடுங்கிவிட்டுப் பாட்டனாரை நிம்மதியாக இறந்தவராகவே இருக்க விடுங்கள். செடிக்குப் பேர் இருந்தால்தான் அழகு என்றால் உயிரோடு இருப்பவர் பேரை வைக்கலாம். உயரமான செடிக்குப் பிரதானியார் பேர். பக்கத்துச் செடிக்குப் புலவர் பேர். அரிவாளுக்கும் சாணத்துக்கும் மட்டும் தடை வேண்டாம்."

ராஜா யோசித்தான். வழக்கம்போல நேரமாயிற்று. பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கிரீடம் சரிந்து மடியில் விழுகிற வரை சிரித்தான். அவன் சிரித்ததால் சபை சிரித்தது. சபை சிரித்ததால் பிரதானியும் சிரிக்க வேண்டியதாயிற்று. வேம்பனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்கள். விடுதலையாகி வாசலில் நின்ற கடா அதன் ஒரு முனையைத் தின்றது.

அதிலிருந்து வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் காத்தாயி அரிவாளோடு தோட்டத்தில் நின்று, அரண்மனை முழுக்கக் கேட்கும்படி, "பிரதானியாரை வெட்டலாமா, மகாராசா?" என்று குரல் கொடுப்பாள். "பாதிக்கு வெட்டு. சாணம் நிறையப் போடு," என்று ராஜா மாடத்தில் இருந்து பதில் சொல்வான். சங்கரலிங்கர் பக்கத்தில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

தோட்டத்திலேயே பிரதானிதான் நன்றாகப் பூத்தார். அந்த மனுஷர் பேரில் அந்த நாட்டுக்கு ஏதாவது பிரயோஜனம் கிடைத்தது என்றால், அது அந்த ஒன்றுதான்.