நட்டநடுவுல நின்ன நரி

குளத்தங்கரைப் பாறைக்குகை காலியாக் கெடந்துது. அதுல இருந்த கரடி தேன் தேடி மலை ஏறினது, திரும்பவே இல்ல. போன எடத்துல மாமியார் வீட்டோடயே தங்கிடுச்சாம், அது தனிக் கதை!

அந்தக் குகைக்கு ரெண்டு பேர் வந்து நின்னாங்க. ஒருத்தி முள்ளம்பன்றி செங்கமலம். போன மழையில வளை இடிஞ்சு, குட்டிகளோட புதர்ல ஒண்டிக்கிட்டு இருந்தா. இன்னொருத்தன் நரி வையாபுரி. அவனுக்கு ஏற்கெனவே மூணு வளை!

காட்டுல வழக்கு தீக்குற யானை அத்தை சொன்னா: "ரெண்டு பேரும் நெல்லிச்சாறு போடுங்க. யாரு சாறு மொதல்ல காலியாகுதோ, குகை அவங்களுக்கு!"

நரி மணல்ல நீளமா ஒரு கோடு கிழிச்சான். "இந்த முனை நல்ல புளிப்பு, அந்த முனை நல்ல தித்திப்பு. எது புடிக்குமோ அங்க ஒரு கல்லு வைங்க!"

காட்டுல இருக்குற எல்லாரும் வெச்சாங்க. ஆமை மட்டும் கடைசியா வந்துது. அதோட தாத்தாவும் அப்படித்தான், வெள்ளம் வடிஞ்சப்புறம் வந்து "வெள்ளம் வருது, ஓடுங்க!"ன்னாராம்!

நரி எல்லாத்தையும் காலால அளந்து, கூட்டி, வகுத்து, கோட்டுக்கு நட்டநடுவுல போய் நின்னான். "பாதிப் புளிப்பு, பாதித் தித்திப்பு. இதான் நம்ம காட்டோட ருசி!"

"அண்ணே, உங்க காலடியில ஒரு கல்லுகூட இல்லையே! எல்லாம் ரெண்டு முனையிலயும்ல குமிஞ்சு கெடக்கு?"ன்னா செங்கமலம்.

"முள்ளு மொளச்ச தலையில கணக்கு ஏறாது, போ தங்கச்சி!"

அவ போனா. போய் ரெண்டு சின்னப் பானை வெச்சா. ஒண்ணுல உப்புப் போட்ட புளிப்பு, இன்னொண்ணுல தேன் ஊத்துன தித்திப்பு.

மறுநாள் குரங்கு நரியோட சாறக் குடிச்சுட்டு, "புளிப்பே இல்ல, தூ!"ன்னுது. அணில் குடிச்சுட்டு, "தித்திப்பே இல்ல, தூ!"ன்னுது. செங்கமலத்துக்கிட்ட ஒரே தள்ளுமுள்ளு! ஆமை வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு பானையும் காலி!

"என் கணக்கு சரிதானே அத்தை?"ன்னு நரி மொனகினான்.

"கணக்கு சரிதான் வையாபுரி. நீ போய் நின்ன எடத்துல ஆளுதான் இல்ல!"

யானை தும்பிக்கையத் தூக்கிப் பிளிறினா. காடே கைதட்டுச்சு! குட்டிங்க குகைக்குள்ள உருண்டு பொரண்டு ஓடுச்சுங்க.

எல்லார் விருப்பத்தையும் ஒண்ணாக் கலந்து நடுவுல நின்னா யாருக்கும் புடிக்காது. யாருக்கு என்ன வேணும்னு பிரிச்சுப் பாக்குறவங்கதான் ஜெயிப்பாங்க.