நாரைத் தூதர் வாங்கித் தந்த வெற்றி

குழந்தைகளே, ஆற்றுக்கு இக்கரையில் இருந்த ஒரு காட்டைச் சிங்கம் ஆண்டுவந்தது. அக்கரைக் காட்டைப் புலி ஆண்டது. இரண்டு காட்டிலும் ஒரே சட்டம்தான்: அரசர் குடித்து முடிக்கும்வரை வேறு யாரும் குளத்தில் வாய் வைக்கக் கூடாது. கோடைக்காலத்தில் அரசர்கள் சாவகாசமாகத்தான் எழுந்திருப்பார்கள்.

சிங்கத்திடம் ஒரு நாரை தூதராக இருந்தது. நல்ல நாரை. குரலை உயர்த்தாது, யாரையும் மட்டம் தட்டாது. கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் மூண்ட சண்டையைப் பேசியே தீர்த்துவைத்தது.

ஆற்றின் நடுவே இருந்த மணல்திட்டைப் புலி ஒரு போரில் பிடுங்கிக்கொண்டது. அதை நினைத்து நினைத்துச் சிங்கத்துக்குத் தூக்கம் போயிற்று.

“நாரையாரே, அந்தப் புலி தலைகுனிய வேண்டும். முடியாவிட்டால் நீர் எனக்குத் தூதர் அல்ல, பலகாரம்!”

அந்தச் சமயம் அக்கரை மான்கள், “புலிக்காக இனிக் காத்திருக்க மாட்டோம்” என்று கிளம்பியிருந்தன.

“அரசே, மான்களுக்குத் துணையாக நம் எருமைகளை அனுப்புவோம்” என்றது நாரை.

“மான்கள் கேட்பது நியாயமா?”

“புலியின் காட்டில் நியாயம்தான்.”

சிங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

நாரை எருமைகளை அக்கரைக்கு அழைத்துப்போயிற்று. அங்கே மான்கள் நடுங்கிக்கொண்டு நின்றன. அவற்றுக்குத் தைரியம் வர, நாரை அருமையாகப் பேசியது: “தாகத்துக்கு அரசர் என்றும் ஏழை என்றும் தெரியாது. தாகம் எடுத்தவர் குடிக்கலாம்!”

மான்கள் துள்ளின. எருமைகள் அசைபோட்டபடியே கேட்டுக்கொண்டன. பிறகு கொம்புகளை நீட்டி வரிசையாக நின்றன. புலி வந்து பார்த்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு மலைக்கு ஓடியது. மணல்திட்டும் திரும்பக் கிடைத்தது.

இக்கரையில் ஒரே கொண்டாட்டம். மறுநாள் காலை எருமைகள் நேராகக் குளத்தில் இறங்கிக் குடித்தன.

“ஏய்! நான் இன்னும் வாயே நனைக்கவில்லை!” என்று சிங்கம் கர்ஜித்தது.

“எங்களுக்குத் தாகம், அரசே. தாகம் எடுத்தவர் குடிக்கலாம் என்று தூதர்தானே அக்கரையில் சொன்னார்” என்றது மூத்த எருமை.

சிங்கம் பாயப் பார்த்தது. கொம்புகளெல்லாம் அதன் பக்கம் திரும்பின. சிங்கம் இரண்டடி பின்வாங்கியது.

“நாரையாரே! நீர் பேசியது புலிக்கு மட்டும்தான் என்று இந்த மடையர்களிடம் சொல்லும்!”

நாரை தண்ணீர் ஓரம் வந்தது. “நண்பர்களே, அது அக்கரை. இது வந்து...” என்று இழுத்தது.

“விடுங்கள், தூதரே” என்றது மூத்த எருமை. “நீங்கள் சொன்னது சரியான பேச்சு. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.” பக்கத்து எருமையை இடித்தது. “டேய், நகரடா. பெரியவருக்கு இடம் விடு.”

நாரை ஒருமுறை சிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, அரசர் குடிக்கும் முன்பே, தன் அலகைத் தண்ணீரில் வைத்தது.

நீதி: பகைவனைக் கவிழ்க்கப் பேசிய நியாயம் நம் வாசலுக்கும் வந்து நிற்கும்.