சிவப்புச் சேலைக் கூட்டத்துல சந்தனமாரி

ஏ குட்டி, கால ஆட்டாம படு. அத்த விடிஞ்சா வேலைக்கு ஓடணும், ஒரே கதைதான். "ம்" கொட்டலன்னா பாதியில நிறுத்திருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு துறுதுறு புள்ள இருந்தா, பேரு சந்தனமாரி. உன் வயசுதான், உன்னய மாதிரியே ஒரு எடத்துல நிக்கமாட்டா. அவள அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அந்தக் கோயிலுக்கு மாலை போட்டுப் போற பொம்பளைங்க அத்தன பேரும் சிவப்புச் சேலதான் கட்டுவாங்க. பார்க்குற எடமெல்லாம் சிவப்பு! கேக்குறியா?

"ம்."

அப்போ தேங்காக்கடைகிட்ட மேளக்காரங்க டண்டணக்கா டண்டணக்கான்னு அடிச்சுட்டுப் போனாங்க. இவ வாயப் பொளந்து பார்த்தா. பார்த்துட்டு, அம்மா முந்தானைய எட்டிப் பிடிச்சு நடந்தா. கொஞ்ச தூரம் போய், "அம்மா, தண்ணி"ன்னு நிமிந்தா... அய்யய்யோ! பொக்க வாயோட ஒரு ஆச்சி!

அங்கயே நின்னுருக்கணுமா இல்லையா? நிக்கலையே! திடுதிடுன்னு ஓடி இன்னொரு சிவப்பு முந்தானையப் பிடிச்சா. அது யாரோ கண்ணாடி போட்ட அக்கா. "யாருடி நீ?"ன்னு அவ பதறிட்டா. இவ திரும்பவும் ஓடுனா! அம்மா கொண்டையில இருந்த மாதிரியே கனகாம்பரம். ஓடிப்போய்ப் பிடிச்சா... அதுவும் வேற ஒரு அம்மா! அவங்க இடுப்புல ஒரு கைப்புள்ள.

"அம்மா! அம்மா!"ன்னு அழுதா. கூட்டத்துல எத்தன புள்ளைங்க அம்மான்னு கத்துதுங்க! பத்து பொம்பளைங்க திரும்புனாங்க, நம்ம புள்ள இல்லன்னு பத்து பேரும் போய்ட்டாங்க. அப்போ அந்தக் கைப்புள்ளக்காரி, "அழாத தாயி, அந்தா நிக்குது பாரு எங்க பஸ்ஸு, கிளம்பப் போகுது. ஏறிக்க, வழியில கேட்டு எறக்கி விட்டுர்றோம்"னு சொன்னா. பாம், பாம்! இவ ஒரு கால படியில வச்சுட்டா!

"அய்யோ, ஏறிட்டாளா அத்த?"

பதறாத, இரு. ஏறல. படக்குன்னு கால இழுத்துக்கிட்டு, "மாட்டேன். எங்கம்மா என்னய இங்கதான் தேடும்"னு பக்கத்துல இருந்த லைட்டுக் கம்பத்தக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டா. அந்த பஸ்ஸுல வந்தவங்க எல்லாரும் ஏறியாச்சு. அந்தம்மா நல்ல மனுசி, அவளும் ஏறல. "சரி, உங்கம்மா பேரச் சொல்லு"ன்னா.

சந்தனமாரிக்குப் பேரு தெரியும். ஆனா வாயத் தொறக்கல. ஒருநா வீட்ல விளையாட்டுக்குப் பேரச் சொன்னதுக்கே அம்மாகிட்ட வாயில ஒரு போடு வாங்குனவ. "பெத்தவ பேரச் சொல்லலாமாடி?"ன்னு. அந்தப் பயம்! இவ மூஞ்சியப் பார்த்ததுமே அந்தம்மாவுக்கு அது புரிஞ்சுபோச்சு.

"இப்ப சொன்னா யாரும் அடிக்கமாட்டாங்க தாயி. கத்திச் சொல்லு."

அப்போ அவ கம்பத்தப் பிடிச்சு எந்திரிச்சா. சோறு வைக்க லேட்டானா அவங்கப்பா எப்படிக் கத்துவாரோ, அப்படியே கத்துனா:

"ஏய் செண்பகவல்லி! எங்கடி போய்த் தொலஞ்ச?"

ஆத்தாடி! தேங்கா ஒடைக்கிறவன் அருவா ஓங்குன கையோட நின்னுட்டான். "என்னடி இது அநியாயம், பெத்தவள 'டி' போட்டுக் கூப்பிடுது!"ன்னு ஊரே வாய்மேல கைய வச்சுச்சு.

கூட்டத்தப் பிச்சுக்கிட்டு ஓடியாந்தா செண்பகவல்லி. தல கலைஞ்சு, சேலையெல்லாம் புழுதி. புள்ளய வாரி அணைச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. பின்னாலயே அப்பாவும் ஓடியாந்தாரு. அத்தன சிவப்புச் சேலையும் புள்ளயப் பார்த்துட்டு, அப்படியே அவரத் திரும்பிப் பார்த்துச்சு! மனுசன் தலையத் தொங்கப் போட்டுட்டாரு. போடட்டும்!

"பேரச் சொல்லிட்டேம்மா, அடிப்பியா?"ன்னு புள்ள கேட்டுச்சு.

"அம்மான்னு ஊரே கத்துது, எம்புள்ள கொரலு எதுன்னே தெரியாம பைத்தியம் மாதிரி ஓடுனேன்டி. எம்பேரு காதுல விழுந்ததும்தான் உசுரே வந்துச்சு. இனி எங்கயாவது என்னயக் காணலன்னா, நின்ன எடத்துலயே நில்லு. இதவிடச் சத்தமா கூப்பிடு"ன்னா செண்பகவல்லி.

சரி, இப்ப நீ சொல்லு. உங்கம்மா பேரு என்ன?

"...கனகமணி."

இது எந்த ஊருக்குக் கேக்கும்? சத்தமா!

"கனகமணி!"

அங்க பாரு, உங்கம்மா கரண்டியும் கையுமா அடுப்படியில இருந்து ஓடியாறா. ஒண்ணுமில்ல மதினி, நீ போ. வந்துட்டா பார்த்தியா குட்டி? கதையும் படுத்துருச்சு, நீயும் கண்ண மூடு.