திருஷ்டிப் பொம்மையின் வயிறு

மலைக்காற்று இறங்கும் தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முகப்பில் ஒரு திருஷ்டிப் பொம்மை தொங்கியது. சட்டித் தலை, கரி மீசை, வெளியே நீட்டிய சிவப்பு நாக்கு, வைக்கோல் வயிறு. உடம்பில் வீட்டுக்காரர் குத்தாலிங்கத்தின் பழைய சட்டை.

பொம்மை களைத்துப் போயிருந்தது. தூண் எழும்பிய நாளிலிருந்து அது இறங்கவே இல்லை. வெயில் சட்டையின் நிறத்தைத் தின்றுவிட்டது. மழை வைக்கோலை நனைப்பதும், காய்வதற்குள் மறுபடி நனைப்பதுமாக இருந்தது. பால் காய்ச்சும் நாளன்று தன்னை அவிழ்த்து முச்சந்தியில் கொளுத்திவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். எரிவதில் அதற்குப் பயமில்லை. எப்படியாவது ஒருமுறை படுத்தால் போதும் என்றிருந்தது.

வீட்டுக்கோ பேசி ஓயாது.

"நான் மத்த வீடு மாதிரி இல்ல, தெரியுமா? நடுவுல வானம் பாத்த முற்றம். கூரைக்கு நாட்டு ஓடு. மேல்காத்து ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் போக ஜன்னல். சிட்டுக்குருவிக்குன்னே சுவத்துல மண்கலயம் பதிச்சிருக்காங்க. வெளியும் உள்ளும் ஒண்ணா இருக்கிற வீடுன்னு எனக்குப் பிளான் வரைஞ்ச அம்மா சொன்னாங்க."

"தெரியும்," என்றது பொம்மை. "நீதான் தினம் சொல்றியே."

வரைந்ததெல்லாம் வரைந்தபடி கட்டப்பட்டதும் உண்மைதான். கடைசியில்தான் ஒவ்வொன்றாக வந்தது. குத்தாலிங்கத்தின் மனைவி உலகம்மாள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "ஏங்க, இது வழியா குரங்கு இறங்காதா?" என்றாள். கம்பி வந்தது. "கொசு வருமே?" என்றார் குத்தாலிங்கம். கம்பிக்கு மேல் வலை வந்தது. "கலயத்துக்குள்ள பல்லி முட்டை வைக்குமே?" என்றாள். கலயங்களின் வாயிலும் வலை அடித்தார்கள். ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான்.

ஒருநாள் ஒரு சிட்டுக்குருவி வாயில் நாரோடு வந்தது. வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

"வா, வா! உனக்குன்னே கட்டினது," என்றது வீடு.

"வாசல்ல வலை இருக்கே?"

"அது உனக்கில்ல. பல்லிக்கு."

"அடைச்ச வாசல் எனக்கும் அடைச்சதுதானே," என்ற குருவி, விர்ரென்று வந்து பொம்மையின் வயிற்றுக்குள் புகுந்துகொண்டது.

"ஏம்மா, நான் போகப்போறவன். வேற இடம் பாரு," என்றது பொம்மை.

"நீ போறதுக்குள்ள என் பிள்ளைங்க பறந்துரும்," என்றது குருவி.

அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் ஆனி பிறந்துவிட்டால் புதுவீட்டுக்குக் குடிபோகக் கூடாதென்று, பால் காய்ச்சும் தேதியை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். அப்போதுதான் முட்டை பொரிந்திருந்தது.

அன்று விடிந்ததும் மேல்காற்று வந்து பொம்மையைச் சீண்டியது.

"என்ன தொந்தி, கயிறு நைஞ்சு போச்சே! ஒரே ஒரு உலுக்கு உலுக்கட்டுமா? விழுந்து படுத்துக்கோ. எவ்வளவு நாளாக் கேட்டுட்டிருந்தே!"

பொம்மை தரையைப் பார்த்தது. ஆற்றுமணல், குவியலாக, மெத்தையாகத்தான் இருந்தது. வயிற்றுக்குள் சின்ன வாய்கள் திறந்து மூடின.

"இப்ப வேண்டாம். அப்புறமா வா," என்றது.

"அப்புறம் உன்னைக் கொளுத்திருவாங்களே?"

காற்று முனகிக்கொண்டே தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டது.

சுடலைமுத்து கொத்தனார் ஏணியும் அரிவாளுமாக வந்தார். கயிற்றை அறுக்குமுன் பொம்மையின் வயிற்றில் கை கொடுத்தவர் சட்டென்று கையை எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி! உள்ள குஞ்சு கிடக்கு. கண்ணே திறக்கல."

கீழே பட்டு வேட்டியில் நின்ற குத்தாலிங்கம், "கூட்டோட எடுத்துக் கலயத்துல வையும். வலையைக் கிழிச்சிரும்," என்றார்.

"வைக்கலாம். தாய் தேடி வருமோ வராதோ, அதை நான் எப்படிச் சொல்ல?"

"நேரம் போகுதுவே. பொம்மை தொங்கும்போது பால் காய்ச்சினா சனம் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும்," என்றாள் உலகம்மாள். அவள் கையில் பால் பானை இருந்தது. "பச்சைப் பிள்ளைகளை முச்சந்தியில வச்சுக் கொளுத்திட்டு, இங்க பால் பொங்கணுமாக்கும்?"

குத்தாலிங்கம் அவளைப் பார்த்தார், பிறகு பொம்மையைப் பார்த்தார். "சரி, கயிறு நைஞ்சிருக்கு பாரும். புதுசாக் கட்டும்," என்றார்.

புதுக் கயிறு, நல்ல முறுக்கு. அது இப்போதைக்கு அறாது என்று பொம்மைக்குப் புரிந்தது. கொஞ்சம் கண்ணையாவது மூடிக்கொள்ளலாமென்றால், கண்ணைத் திறந்தபடிதான் எழுதியிருந்தார்கள்.

பால் பொங்கியது. உலகம்மாளின் அண்ணன் வாசலில் நின்று, "மாப்ளே, வெளிய தொங்குறது யாரு, நீரா? சட்டையைப் பாத்தா அப்படித்தான் தெரியுது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு விஷயம் தெரிந்து, இலையில் உட்காரப் போனவர்கள்கூட வெளியே வந்து, அண்ணாந்து அந்தக் குட்டி அலகுகளைப் பார்த்தார்கள். முற்றத்தில் யாரும் இல்லை. வலையில் ஒரு சருகு வந்து விழுந்து, கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே கிடந்தது.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, வீடு முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசியது.

"என்னை எவ்வளவு யோசிச்சு யோசிச்சுக் கட்டினாங்க. உன்னை யாரும் யோசிக்கக்கூட இல்ல. அவ எப்படி உனக்குள்ள வந்தா?"

பொம்மைக்குப் பேசவே அலுப்பாக இருந்தது. குஞ்சுகள் உறங்கிவிட்டனவா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மெல்லச் சொன்னது:

"பெருசா ஒண்ணுமில்ல. சட்டையில ஒரு பித்தான் அறுந்து கிடந்தது. யாரும் தைக்கல."